பூபதி சட்டம்

மோகனப்பிரியாவின் கேரவன் கரிசல்குளம் கார் ஓடுதளத்தின் வாசலுக்குள் நுழைந்தபோது அவள் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். ஓட்டுநர் இருக்கை என்ற ஒன்றே அந்த வண்டியில் கிடையாது. அது இருந்திருக்க வேண்டிய இடத்தில் வெங்காயக் கூடையும் தண்ணீர்க் கேனும் வைத்திருந்தாள். பல்லடத்திலிருந்து ஆறு மணி நேரம். வண்டி தானே வந்தது, தானே நின்றது, சிக்னலில் தானே காத்திருந்தது. பின்னால் இழுவைத் தட்டில் சங்கிலி போட்டுக் கட்டியிருந்த பழைய பெட்ரோல் கார் மட்டும் ஒவ்வொரு வேகத்தடையிலும் கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டே வந்தது.

பொதுச் சாலையில் மனிதர் கையால் வண்டி ஓட்டக் கூடாது என்று சட்டம் வந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் நீளமானது, யாருக்கும் நினைவில்லை. ஜனங்கள் சொல்வது பூபதி சட்டம். பள்ளிக்கூட மைதானத்தில் சைக்கிளைத் தாறுமாறாக விடும் பிள்ளையைக்கூட, "ஏண்டா பூபதி, பாத்து ஓட்டு!" என்று கத்துகிறார்கள். மோகனப்பிரியா அதை டீக்கடையில் கேட்டிருக்கிறாள், கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்திருக்கிறாள். பூபதி அவள் கணவன்.

அவன் டாக்ஸி ஓட்டினான். சாலையில் பாதி வண்டிகள் தானோட்டிகளாகிவிட்ட காலம். ஒன்பது வருஷத்துக்கு முன், ஒரு மாசி மாதச் சாயங்காலம், பல்லடம் தாண்டி ஒரு வளைவில், எதிரே வந்த தானோட்டி லாரி தன் மேல் ஏறி வருகிறது என்று ஸ்டீயரிங்கை இடதுபக்கம் ஒடித்தான். கார் சாலையை விட்டு இறங்கி, பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்த வளர்மதி என்ற மில் தொழிலாளியை அடித்துவிட்டது. இருபத்தாறு வயதுப் பெண். அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது.

"லாரி எம்மேல வந்துச்சுங்க. அதான் ஒடிச்சேன்."

பூபதி போலீஸிடம் சொன்னது, கோர்ட்டில் சொன்னது, ஜெயில் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று மோகனப்பிரியாவிடம் வாராவாரம் சொன்னது எல்லாம் இவ்வளவுதான். லாரிக்குள் இருந்த பதிவுப் பெட்டி வேறு மாதிரி சொன்னது. லாரி நடுக்கோட்டைத் தொடவே இல்லை. அந்த லாரியின் மூளையை எழுதிய கம்பெனியிலிருந்து ஒரு பொறியாளர் சாட்சிக் கூண்டில் ஏறினார். "நிதானத்தில் இருக்கும் எந்த மனிதனும் அந்த இடத்தில் ஒடிக்க மாட்டான். இவர் குடித்திருக்க வேண்டும், அல்லது தூங்கியிருக்க வேண்டும். இரண்டும் இல்லை என்றால் பொய் சொல்கிறார்" என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பூபதி குடிக்கிறவன் இல்லை. ஏழு வருஷம் தண்டனை கொடுத்தார்கள். பதினான்காவது மாதம் ஜெயிலில் மத்தியானச் சாப்பாட்டு வரிசையில் நின்றவன் தட்டோடு சரிந்து விழுந்தான், எழுந்திருக்கவில்லை. அந்த வழக்கை முன்னால் வைத்துத்தான் சட்டம் போட்டார்கள். மோகனப்பிரியா போட்ட மறுவிசாரணை மனு, கம்பெனிக்கு நோட்டீஸ் போனதோடு, இன்னும் நிலுவையில் கிடந்தது.

பொறியாளரின் பெயர் இளவழகன். நான்கு வருஷத்துக்கு முன் ஒரு பத்திரிகையில் அவருடைய பேட்டி வந்தது. ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டிருந்தார்கள். 'சொந்தக் காரை எடுத்துக்கொண்டு கேரவனில் ஊர் ஊராகப் போய், ஓடுதளங்களில் கையால் ஓட்டுவேன். அந்தச் சுகம் வேறு எதிலும் இல்லை' என்று சொல்லியிருந்தார். ஓடுதளங்களில் ஓட்டுவதற்கு மட்டும் சட்டம் இடம் விட்டிருந்தது. நாட்டிலுள்ள அத்தனை பேர் கையிலிருந்தும் ஸ்டீயரிங்கைப் பிடுங்கக் காரணமான ஆளுக்கு அதுதான் பொழுதுபோக்கு. மோகனப்பிரியா அந்த வரியை இரண்டு முறை படித்தாள். பனியன் கம்பெனியில் சாம்பிள் தைக்கும் வேலையை அந்த வாரமே விட்டாள்.

வீட்டை விற்று, பழைய கேரவன் ஒன்று வாங்கினாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: வண்டியின் மூளை அந்தக் கம்பெனியுடையதாக இருக்க வேண்டும், அந்த லாரியில் ஓடிய அதே பழைய பதிப்பாக இருக்க வேண்டும். புதுப்பிக்கச் சொல்லி மாதம் இரண்டு முறை திரையில் நினைவூட்டல் வரும். 'பிறகு' என்பதைத் தொட்டுவிட்டு வேலையைப் பார்ப்பாள். போலீஸ் கொடவுனிலிருந்து திருப்பி வாங்கிய பூபதியின் காரைத் தானே பழுது பார்த்து இழுவையில் ஏற்றினாள். பிறகு இளவழகன் போகிற ஓடுதளங்களுக்கெல்லாம் போனாள். பதினோரு இடம். அவர் கண்ணில் படாமல் ஓரமாக ஓட்டினாள், ஓரமாக நின்றாள். அவளுக்கு வேண்டியது ஒரு வளைவு. மேற்கே பார்த்த வளைவு. பக்கத்திலேயே எதிர்த்திசையில் தானோட்டிகள் வரும் பாதை இருக்க வேண்டும், இடையில் சுவர் இருக்கக் கூடாது.

அப்படி ஒரு வளைவு கரிசல்குளத்தில் இருந்தது.

அது பழைய விமானத்தளம். காஜா மைதீன் என்பவர் குத்தகைக்கு எடுத்து, தார் போட்டு, எட்டு வளைவுகள் வைத்து ஓடுதளமாக்கியிருந்தார். கேரவன்கள் வெளியே போகும் பாதை ஏழாவது வளைவை ஒட்டியே போகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மஞ்சள் கோடு மட்டும்தான்.

"சுவரு கட்டலீங்களா பாய்?" என்று முதல் தடவை வந்தபோது மோகனப்பிரியா கேட்டாள்.

"எதுக்கும்மா? தானோட்டி என்னைக்காவது கோட்டத் தாண்டியிருக்கா?" என்று சிரித்தார் காஜா மைதீன்.

இந்த மாசியில் இளவழகன் கரிசல்குளத்துக்கு வருகிறார் என்று தெரிந்ததும் அவளும் பெயர் கொடுத்துவிட்டாள்.

காலை வெயிலில் முதல் சுற்றுக்குக் காரை இறக்கினாள். சாவியைத் திருப்பியதும் பெட்ரோல் வாசம் வந்தது. ஓட்டும்போது மட்டும் அவளுக்குப் பூபதியின் மேல் கோபம் வரும். கிளட்ச்சைப் பாதியிலேயே விடும் கெட்ட பழக்கத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான். இரண்டாவது கியரில் முதல் வளைவை எடுத்து, மூன்றாவதில் நீளப் பாதையில் விட்டபோது மார்புக்குள் ஏதோ திறந்துகொண்டது. தான் எதற்கு வந்திருக்கிறோம் என்பது அரை நிமிஷம் மறந்துபோனது. மறந்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

முன்னால் இளவழகனின் சிவப்புக் கார் போனது. விடாமல் பின்னால் ஒட்டினாள். நன்றாகத்தான் ஓட்டினார். ஏழாவது வளைவில் மட்டும் மஞ்சள் கோட்டை ஒட்டி, வேகத்தைக் குறைக்காமல் எடுத்தார். ஆறு சுற்றிலும் அப்படியே எடுத்தார். மோகனப்பிரியா அதை மனதில் குறித்துக்கொண்டாள்.

மத்தியானம் அவராகவே அவளுடைய கேரவனைத் தேடி வந்தார். ஐம்பத்தெட்டு வயது இருக்கும். வெயிலில் முகம் சிவந்திருந்தது, சின்னப் பையன் மாதிரி சந்தோஷமாக இருந்தார்.

"என் பின்னாடி வந்தது நீங்கதானா? பிரமாதம்மா! யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?"

"எங்க ஊட்டுக்காரருங்க. டாக்ஸி ஓட்டுனாரு."

"அதான் பார்த்தேன். அந்தக் காலத்து டாக்ஸி டிரைவர்ங்க கை தனி. இப்ப என்ன பண்றார்?"

"இல்லீங்க, தவறிட்டாரு."

"அடடா" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். அவள் உட்காரச் சொல்லி, சாதம் போட்டு ரசம் ஊற்றினாள். அவர் இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கோர்ட்டில் நான்காவது வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்ணை அவர் அன்றைக்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, இன்றைக்கு அடையாளம் தெரிய வழியில்லை.

"ஒண்ணு கேக்கலாமுங்களா? நீங்க அந்தத் தானோட்டிக் கம்பெனியில பெரிய ஆளுன்னாங்க. நீங்களே கையில ஓட்ட வர்றீங்களே?"

"மெஷின் மேல எனக்குச் சந்தேகமே கிடையாதும்மா. சந்தேகம் மனுஷன் மேலதான்." விரலைச் சப்பிவிட்டுச் சொன்னார். "பூபதி கேஸ் தெரியுமில்ல? அதுல சாட்சி சொன்னது நான்தான். லாரி ஒரு இஞ்சுகூட நகரலை. இந்த ஆள் பாட்டுக்கு ஒடிச்சுட்டு, லாரி மேல பழியைப் போட்டான். ஒரு பொண்ணு செத்துப்போச்சு. கடைசி வரைக்கும் தப்பை ஒத்துக்கவே இல்லையே அவன்! எனக்கு அதுதான் ஆறலை."

மோகனப்பிரியா ரசக் கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"பழைய பதிப்பு வண்டிங்க கூடக் கோட்டைத் தாண்டாதுங்களா?"

"முதல் பதிப்புலேர்ந்தே தாண்டாது. என் உயிரை வெச்சுச் சொல்றேன்."

"கடைசிச் சுத்து அஞ்சரைக்குன்னாங்க. நீங்க போறீங்களா?"

"பின்னே? வெயில் தாழ்ந்தப்புறம்தான் ஓட்டவே நல்லாயிருக்கும்."

அவர் உயிரை வைத்துச் சொன்னது அவளுக்குத் திருப்தியாக இருந்தது. தட்டைக் கழுவினாள். சுத்தமாகத் துடைத்து அடுக்கினாள்.

மாலையில் காஜா மைதீனிடம் போய், கடைசிச் சுற்றில் தான் ஓட்டவில்லை, ஏழாவது வளைவில் கொடி பிடிக்கிறேன் என்றாள். கொடி பிடிக்க ஆள் கிடைக்காத நேரம். அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். வளைவின் இடது ஓரத்தில் பழைய டயர்களை இடுப்பளவு அடுக்கியிருந்தார்கள். அதன் பின்னால் மஞ்சள் கொடியோடு போய் நின்றாள்.

அவள் போட்டிருந்த கணக்கு இதுதான். பூபதி பொய் சொல்லவில்லை. அப்படியென்றால் லாரி அன்றைக்கு அவன் பக்கம் வந்திருக்கிறது, கம்பெனி பதிவை மாற்றியிருக்கிறது. அதே பதிப்பு, அதே மாசி மாதத்து ஐந்தே முக்கால் மணி வெயில், அதே மாதிரி வளைவு. இவ்வளவும் சேர்ந்தால் அது இன்னொரு தடவையும் வரும். இந்தத் தடவை இளவழகன் மேல் வரும். அவர் எழுதிய மூளை அவரையே வந்து அடிக்க வேண்டும், அந்தக் கடைசி நொடியில் அவருக்குப் பூபதியின் ஞாபகம் வர வேண்டும். அவர் முகத்தைக் கிட்டத்தில் பார்ப்பதற்காகத்தான் அவள் அங்கே நின்றாள்.

ஐந்து நாற்பத்து மூன்றுக்குத் தொலைபேசியை எடுத்து, கேரவனுக்கு உத்தரவு கொடுத்தாள்: வாசல் வரை போ. அதில் தப்பு ஒன்றும் இல்லை. சட்டப்படி, அதற்கென்று இருக்கும் பாதையில்தான் அது போகப்போகிறது. அவளுடைய துணிமணி, பாத்திரம், பூபதியின் போட்டோ எல்லாம் அதற்குள் இருந்தன. எதையும் எடுத்து வெளியே வைக்கவில்லை.

வெள்ளைக் கேரவன் மேற்கிலிருந்து வந்தது. பின்னால் சூரியன். இந்தப் பக்கமிருந்து சிவப்புக் காரின் இரைச்சல் கேட்டது.

அவள் கேரவனையே பார்த்தாள். வா, வா, தாண்டு என்று பல்லைக் கடித்தபடி சொன்னாள். கேரவன் தாண்டவில்லை. கோட்டிலிருந்து இரண்டு முழம் தள்ளி, நூல் பிடித்த மாதிரி தன் பாதையில் போனது. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்புக் கார் சட்டென்று இடதுபக்கம் ஒடிந்தது.

கார் நேராக அவளை நோக்கி வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இளவழகனின் வாய் திறந்திருந்தது. அந்த முகம் அவள் கண்ணில் பட்டது, ஆனால் மனதில் வந்தது வளர்மதி. ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் அந்தப் பெண்ணை நினைத்ததில்லை. இப்படித்தான் நின்றிருப்பாள், கையில் சாப்பாட்டுத் தூக்கோடு. நகரவே நேரம் இருந்திருக்காது.

டயர் அடுக்கு வண்டியின் வேகத்தை முக்கால்வாசி வாங்கிக்கொண்டது. மிச்சம் அவளுடைய வலது கால் மேல் விழுந்தது.

இரண்டு நாள் கழித்து அரசு ஆஸ்பத்திரி வார்டுக்கு எஸ்.ஐ. மெர்லின் வாக்குமூலம் வாங்க வந்தாள். மோகனப்பிரியாவின் காலில் இரும்புக் கம்பி வைத்துத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். வாசல் பக்கத்தில் நெற்றியில் பிளாஸ்திரியோடு இளவழகன் நின்றார். இரண்டு நாளில் பத்து வயது கூடியிருந்தது.

"க்கா, விஷயம் இதான்" என்றாள் மெர்லின். "சார் சொல்லுதது என்னன்னா, ஒங்க கேரவன் கோட்டத் தாண்டி இவர் மேல ஏற வந்துச்சாம். பெட்டியில அப்படிப் பதிவே இல்ல. நேர்ல பாத்த ஒரே ஆளு நீங்கதான். தாண்டுச்சுன்னு நீங்க சொன்னா, பெட்டிய சோதனைக்கு அனுப்பணும். சார் வீட்டுக்குப் போயிரலாம். தாண்டலன்னு சொன்னா, ஓடுதளம்னாலும் ஆளை இடிச்சதுக்குப் பூபதி சட்டம்தான். ஜாமீனே கெடையாது. பேரு சொல்லுங்க."

"மோகனப்பிரியாங்க."

"வீட்டுக்காரர் பேரு?"

"பூபதி."

மெர்லின் எழுதிக்கொண்டே, "இந்தப் பேர வச்சுக்கிட்டு ரொம்பச் சங்கடப்பட்டிருப்பாரே" என்றாள்.

"அந்தப் பூபதியேதானுங்க."

பேனா நின்றது. இளவழகன் பிடித்துக்கொள்ள எதையோ தேடி, கட்டிலின் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்தார். மெர்லின் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். டாக்டரின் கையெழுத்து ஒன்று வேண்டியிருக்கிறது, வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனாள்.

"திட்டம் போட்டுச் செஞ்சீங்களா?" என்று கேட்டார் இளவழகன்.

"ஆமாங்க."

"வண்டியில என்ன மாத்தினீங்க? சொல்லுங்க, என்ன மாத்தினீங்க?"

"ஒண்ணுமே மாத்தலீங்க. நீங்க எழுதுனது எழுதுனபடிதான் ஓடுச்சு."

"அது என் மேல வந்துச்சும்மா. நான் கண்ணால பார்த்தேன். கோட்டைத் தாண்டி, என் பானட்டுக்கு நேரா..."

"தாண்டலீங்க. நான் ஓரத்துல நின்னு பாத்துட்டேதான் இருந்தேன்."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"குடிச்சிருந்தீங்களா?"

"இல்ல!"

"தூங்கிட்டீங்களா?"

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். அப்படியே நிறுத்திவிட்டார். கோர்ட்டில் தான் நிறுத்தி நிறுத்திச் சொன்னது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். மெதுவாகக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். மோகனப்பிரியா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பதினோரு ஓடுதளம் அலைந்தது இந்த முகத்துக்காகத்தான். கால் வலியையும் மீறி உடம்பெல்லாம் ஒரு குளிர்ச்சி பரவியது. இன்னும் கொஞ்ச நேரம் அவர் இப்படியே உட்கார்ந்திருக்கட்டும் என்றிருந்தது.

"நான் உங்களை நம்பறனுங்க" என்றாள் கடைசியில். "உங்களுக்கு அது வந்த மாதிரிதான் இருந்திருக்கும். அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்."

"அப்ப இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லுங்களேன்!"

"என்னன்னு? தாண்டுச்சுன்னா? அது பொய்யாச்சுங்களே."

"ப்ளீஸ்ம்மா. அவர் பேரையும் காப்பாத்தின மாதிரி இருக்கும். நீங்க போட்ட மறுவிசாரணை மனு நிலுவையில இருக்கில்ல? தாண்டலைன்னு நீங்களே கையெழுத்துப் போட்டா, அதோட அந்த மனுவும் செத்துடும்."

"ரெண்டு நாளா அதைத்தான் படுத்துட்டு யோசிச்சேன்" என்றாள். "நான் ஒரு பொய் சொன்னா, நீங்க இன்னைக்கே ஊட்டுக்குப் போயிருவீங்க. நல்லாச் சாப்புட்டுட்டுத் தூங்குவீங்க. பத்து நாள்ல மறந்துருவீங்க. தாண்டலைன்னு சொன்னா உள்ள போவீங்க. உள்ள போனா வெளிய வர ஒரே வழிதான் இருக்குது. நிதானத்துல இருக்கற மனுசனும் அந்த எடத்துல ஒடிப்பான்னு நீங்க நிரூபிக்கணும். அதை நிரூபிச்சா அவரும் குத்தவாளி இல்லைன்னு ஆயிரும். அவரு கேஸை நடத்த எனக்குப் படிப்பு இல்லீங்க. உங்களுக்கு இருக்குது. இனி நீங்க நடத்துங்க."

மெர்லின் திரும்பி வந்ததும், கேரவன் கோட்டைத் தாண்டவில்லை என்று மோகனப்பிரியா வாக்குமூலம் கொடுத்தாள். எழுதியதை வாங்கிப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். ஏட்டு வந்து இளவழகனை அழைத்துப் போனார்.

ஒரு வருஷம் உள்ளே இருந்தார். முதல் மூன்று மாதம் அவர் யாரிடமும் பேசவில்லை என்று கேள்வி. நான்காவது மாதம் அவருடைய வக்கீல் மோகனப்பிரியாவிடம் ஒரு கடிதம் கொண்டு வந்து கொடுத்தார். அதில் மன்னிப்பு எதுவும் கேட்டிருக்கவில்லை. முழுக்கக் கேள்விகள். கேரவன் எந்த இடத்துக்கு வந்தபோது கார் ஒடிந்தது? தரையில் நிழல் எவ்வளவு நீளம் இருந்தது? எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது?

நிழல் என்ற சொல் வந்த வரியை அவள் மறுபடி படித்தாள். கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றவளுக்கு அது நினைவில் இருந்தது. கேரவன் வருவதற்கு முன்னால் அதன் நிழல் வந்தது. சூரியன் பின்னாலும் தாழ்வாகவும் இருந்ததால் பத்துப் பன்னிரண்டு மீட்டர் நீளத்துக்கு முன்னால் விழுந்திருந்தது. வளைவு என்பதால் கோட்டைத் தாண்டி எதிர்ப் பாதையில் ஏறிப் போனது. எதிர்வெயிலில் மஞ்சள் கோடு கண்ணுக்குத் தெரியாது. காரில் இருப்பவனுக்குக் கறுப்பாக ஒன்று தன் பாதைக்குள் பாய்வதுதான் தெரியும். எது வண்டி, எது நிழல் என்று பிரித்துப் பார்ப்பதற்குள் கை ஒடித்திருக்கும். அத்தனைக்கும் பதில் எழுதி அனுப்பினாள். முன்னால் அன்புள்ள என்றோ பின்னால் இப்படிக்கு என்றோ போடவில்லை.

மறுவருஷம் மாசியில், இரண்டு வழக்கையும் சேர்த்து விசாரித்த நீதிபதியின் உத்தரவின் பேரில் பல்லடம் சாலையை அரை நாள் மூடினார்கள். பழைய லாரி ஒன்றைக் கொண்டு வந்து அந்த வளைவில் விட்டார்கள். ஓடுதளங்களில் ஓட்டிப் பழகிய ஒன்பது பேர், என்ன சோதனை என்று சொல்லப்படாமல், ஒருவர் பின் ஒருவராகக் காரில் வந்தார்கள். பஸ் நிற்கும் இடத்தில் வைக்கோல் கட்டுகள் அடுக்கியிருந்தன. ஒன்பதில் ஏழு பேர் இடதுபக்கம் ஒடித்து வைக்கோலில் போய் இடித்தார்கள். ஏழு பேரும் இறங்கி வந்து ஒரே மாதிரி சத்தியம் செய்தார்கள், லாரி மேலே வந்தது என்று. லாரி கோட்டைத் தொடவே இல்லை. நீதிபதி குடையின் கீழ் நின்று எல்லாவற்றையும் பார்த்தார்.

இரண்டு வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. ஓட்டியவர்கள் இருவரும் பொய் சொல்லவில்லை, பதிவும் பொய் சொல்லவில்லை. பூபதியும் இளவழகனும் குற்றமற்றவர்கள். சட்டத்தை மாற்றுவது பற்றி நீதிமன்றம் ஒன்றும் சொல்லவில்லை. பூபதி சட்டம் என்ற பேச்சுவழக்குப் பெயரை யாராலும் மாற்ற முடியாது.

மோகனப்பிரியா ஊன்றுகோலோடு நீதிமன்ற வராந்தாவுக்கு வந்தாள். பெரிதாக அழுகை வரும் என்று எதிர்பார்த்திருந்தாள். வரவில்லை. பத்து வருஷம் ஒரு பொய்யனைத் தேடி அலைந்தவளுக்குக் கடைசியில் ஒரு பொய்யும் கிடைக்கவில்லை. இளவழகன் எதிரே வந்தார். சட்டை தோளில் தொங்கியது. கைகூப்புவதா வேண்டாமா என்று தயங்கினார்.

"முடிச்சுட்டேம்மா" என்றார்.

"சரிங்க" என்றாள். அவர் படியிறங்கிப் போனார்.

தூண் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். மில் சீருடைக்கு மேல் துப்பட்டா போட்டிருந்தாள். இருபத்தாறு இருபத்தேழு வயது இருக்கும். காலை ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருக்க வேண்டும், தலைமுடியில் பஞ்சுத் துகள் ஒட்டியிருந்தது.

"நான் கௌசல்யாங்க. வளர்மதியோட தங்கச்சி."

மோகனப்பிரியா ஒரு அடி பின்வாங்கி, சுவரோரப் பெஞ்சின் பக்கம் நின்றாள்.

"கோர்ட்டுல இருந்து எங்களுக்குத் தபால் ஒண்ணும் வரலீங்க. செய்தியில பாத்துட்டுத்தான் வந்தேன்" என்றாள் கௌசல்யா. குரல் உயரவில்லை. "இத்தனை வருசமா எங்கம்மா தெனமும் உங்க ஊட்டுக்காரரைச் சாபம் உட்டுட்டுத்தான் சோத்துல கை வெக்கும். அதுலதான் அது உசுரோட இருக்குது. இன்னைக்கு அவரு மேல தப்பில்லைங்கறாங்க. அந்தச் சாரு மேலயும் இல்லையாம். லாரி மேலயும் இல்லையாம். நான் ஊட்டுக்குப் போனா, எங்கம்மா என்னைக் கேக்குமுங்க, அப்ப எம்பொண்ணை யாருடி கொன்னாங்கன்னு. நான் என்னன்னு சொல்றது?"

மோகனப்பிரியா ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இடம் விட்டாள். கௌசல்யா உட்காரவில்லை. கண்ணை இமைக்காமல், பதிலுக்காக, அங்கேயே நின்றாள்.